வைத்தியம் இலவசம், வழிச்செலவு யார் தலையில்?

தென்மராட்சியின் விளையாட்டுக் கழகங்களுக்கும், சனசமூக நிலையங்களுக்கும், உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,



சிறுவர் வைத்தியசாலைக்கு நிதி சேர்க்கச் சைக்கிள் ஓடுவது இன்று உலகத்தின் பல மூலைகளிலும் நடக்கிற காரியம். எங்கள் பகுதியில் ஓட விருப்பமுள்ள இளையோருக்குக் குறைவில்லை. அவர்களை ஒன்றுசேர்க்கும் ஆட்பலமும் தொடர்புகளும் உங்களைப் போன்ற அமைப்புகளிடம்தான் இருக்கின்றன. ஆகவே இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். சைக்கிளோட்டம் வேண்டுமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் இல்லை, வேண்டும். சேரும் காசை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் உங்களோடு வாதாட வருகிறேன். ஒரு கட்டில், ஒரு இயந்திரம், உபயகாரர் பெயர் பொறித்த ஒரு விடுதி என்று வழக்கமான பாதையில் போகாமல், இங்கிருந்து கொழும்புக்குச் சிகிச்சைக்காகப் போய்வரும் பிள்ளைகளின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் அந்தக் காசு போகவேண்டும் என்பது என் கட்சி. கேட்பதற்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். நாடா வெட்ட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நிலைமையை எடுத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

வடக்கு மாகாணத்தில் சிறுவர்களுக்கென்று தனியான வைத்தியசாலை கிடையாது. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் பார்க்க முடியாததை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அங்கே சிறுவர் விடுதிகளும் சிறுவர் வைத்திய நிபுணர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் வருத்தங்களில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அங்கும் முடியாத சிலவற்றுக்குத்தான் கொழும்பு: பொரளையில் இருக்கும் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, மகரகமவில் இருக்கும் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. இந்தச் "சிலவற்றை" அரிதானவை என்று தள்ளிவிட முடியாது. பிறவியிலேயே இதயத்தில் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் உலகளவில் ஆயிரத்துக்கு எட்டு என்ற அளவில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. தானாக மூடிக்கொள்ளும் துவாரங்களும் உண்டு. என்றாலும் தேவைப்படுகிற பிள்ளை ஒவ்வொரு ஊரிலும், அநேகமாக ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறது. அதன் வீட்டாருக்குக் கொழும்பு என்பது வெள்ளவத்தையும் கோல்பேஸும் இல்லை. ஒரு கிளினிக் கொப்பியும் அதில் எழுதப்பட்ட அடுத்த திகதியும்தான்.

அந்தத் திகதிக்குப் போய்வருவது என்றால் என்ன என்பதைக் கணக்காகப் பார்ப்போம். சாவகச்சேரியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 380 கிலோமீற்றர். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் நீளும். முதல் மாதங்களில் அங்கேயே நிற்கவேண்டும், பிறகு விட்டுவிட்டுப் போய்வர வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை, இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டாலே 48 பயணம். போகவர 760 கிலோமீற்றராக மொத்தம் 36,000 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. பூமியை ஒருமுறை சுற்றிவர 40,000. இந்தத் தூரத்தை ஒரு வருத்தக்காரப் பிள்ளை, இரவு பஸ்ஸில், தாயின் மடியில் தலைவைத்தபடி கடக்கிறது. கூடவே ஒரு பை: மாற்றுடுப்பு, சுடுதண்ணிப் போத்தல், விரித்துப் படுக்க ஒரு சாரம், பொலித்தீனில் சுற்றிய எக்ஸ்றே, நனையாமல் உள்ளே வைத்த கிளினிக் கொப்பி. விடியப்புறம் புறக்கோட்டையில் இறங்கினால் அங்கிருந்து ஓட்டோ, ஏனென்றால் கிருமி தொற்றக்கூடாத பிள்ளையைச் சன நெரிசலான பஸ்ஸில் ஏற்ற முடியாது. பிள்ளையை அனுமதித்தால் விடுதியில் பெரும்பாலும் தாய் மட்டும்தான் நிற்கலாம். தகப்பன் வெளியே. தெரிந்தவர் வீடு இருந்தால் சரி, இல்லாவிட்டால் லொட்ஜ் அல்லது வைத்தியசாலை வாசல். அவர் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர் என்றால் அந்த நாட்களின் கூலியும் இல்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகளை அம்மம்மா பார்ப்பார். அம்மம்மா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நின்றுவிடும்.

இதன் முடிவு என்ன என்பது உலகம் அறிந்த விடயம். குழந்தைப் புற்றுநோயில் வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் குணமடைகிறார்கள். வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகளவில் 2030க்குள் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகள் உயிர்பிழைக்கவேண்டும் என்று 2018இல் ஒரு திட்டத்தையும் அது தொடங்கியது. இந்த இடைவெளிக்கு அது சொல்லும் காரணங்களில் பிந்திக் கண்டுபிடிப்பதும் மருந்துத் தட்டுப்பாடும் இருக்கின்றன. சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் இருக்கிறது. ஏன் கைவிடுகிறார்கள்? பிள்ளைமேல் பாசம் குறைந்து யாரும் கைவிடுவதில்லை. முதல் சில மாதத்தில் பிள்ளை தெளிந்து, தலைமயிர் முளைத்து, ஓடி விளையாடத் தொடங்கும். கையிலிருந்த காசு முடிந்திருக்கும். நகை அடைவில் இருக்கும். அடுத்த திகதியை ஒருமுறை தள்ளிப்போடுவார்கள், பிறகு இன்னொருமுறை. மருந்து இலவசமாக அங்கே காத்திருக்க, நோய் இங்கே திரும்பி வரும்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை" என்பார்கள். முழுதும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அரச வைத்தியசாலையில் இதய சத்திரசிகிச்சைக்குக்கூடக் காசு கேட்காத நாடு இது. அந்த வழமையை நாங்கள் காப்பாற்ற வேண்டும். மருந்துக்கும் கருவிக்கும் பொதுமக்கள் உண்டியல் குலுக்குவது வழக்கமாகிவிட்டால், அரசின் பொறுப்பு மெல்ல மெல்ல எங்கள் தலைக்கு மாறும். 2022 நெருக்கடியில் பிறந்த சிசுக்களுக்குச் சுவாசம் கொடுக்கும் குழாய்கூட இல்லை என்று வைத்தியர்கள் பகிரங்கமாகக் கேட்டபோது நாட்டு மக்களும் வெளிநாட்டிலிருந்தவர்களும் கொடுத்தது சரி. அது ஆபத்துக்குப் பாவமில்லை என்ற கணக்கு. சாதாரண காலத்தில் அதையே தொடர்வது சரியில்லை. ஆனால் வைத்தியசாலை வாசலுக்குப் போய்ச்சேரும் செலவை ஈடுசெய்வது இன்றைக்கு எவருடைய பொறுப்பாகவும் நடைமுறையில் இல்லை. 2016இல் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையைப் பாருங்கள். அவசரத்துக்கு அழைத்தால் இலவசமாக வந்து ஏற்றிப்போகிறது. வழியும் வைத்தியத்தின் பகுதி என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. அந்த ஒப்புதல் அவசர நேரத்தோடு நின்றுவிட்டது. இரண்டு வருடம் கிளினிக் போகிற பிள்ளைக்கு அம்புலன்ஸ் வராது, வரவும் தேவையில்லை. ஒரு பஸ் ரிக்கற் போதும். உங்கள் காசு போகவேண்டிய இடைவெளி இதுதான். இங்கே கொடுத்தால் அரசு தன் கடமையிலிருந்து நழுவ வழி கிடைக்காது, ஏனென்றால் இந்தக் கடமையை அது இன்னும் ஏற்கவே இல்லை. ஏற்கச் சொல்லிக் கேட்பதற்கு, எத்தனை குடும்பம், எவ்வளவு செலவு என்று நீங்கள் வைத்திருக்கப்போகும் கணக்கே நாளைக்கு ஆதாரமாகும்.

அடுத்த மறுப்பு இன்னும் பலமானது. பஸ் காசு கரைந்துபோகும், கட்டடம் நிற்கும் என்பது. இதற்கு எங்கள் கண்முன்னே நல்ல உதாரணமும் உண்டு. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று நடத்திய "ட்ரெயில்" நடைபயணம் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறையில் முடிந்தது: ஏறத்தாழ 670 கிலோமீற்றர், 27 நாள். அதில் சேர்ந்த நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. 2016இல் அதே பாதையைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடத்தில் தெற்கத்தையார் வடக்கு நோயாளருக்காக நடந்தார்கள் என்பதையும், அடுத்த தடவை வடக்கிலிருந்து தெற்குக்கு நடந்தார்கள் என்பதையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அது பெரிய நிறுவனங்களின் ஆதரவும் நாடறிந்த கிரிக்கெட் வீரர்களின் பங்கேற்பும் சுகாதார அமைச்சின் உடன்பாடும் கைகூடிய முயற்சி. ஒரு கட்டடம் கட்டினால் அதற்கு வைத்தியர், தாதியர், மின்சாரம், பராமரிப்பு எல்லாவற்றையும் வருடா வருடம் வேறு யாராவது தரவேண்டும். எங்களுடைய அளவில் ஒரு சைக்கிளோட்டம் சேர்க்கும் தொகையில் எழுவது ஒரு அறையாகத்தான் இருக்கும்; அந்த அறைக்கு ஆள் போடுவது எங்கள் கையில் இல்லை. இயந்திரமும் அப்படியே. வாங்கிக் கொடுத்தவர் பெயர் அதன்மேல் பளிச்சென்று இருக்கும், உதிரிப்பாகம் இல்லாமல் அது மூலையில் கிடக்கும். பஸ் காசு கரைவது உண்மை. சிகிச்சை முடிந்து எழுந்த பிள்ளை கரைவதில்லை.

சரி, கொழும்புக்கு அனுப்புவதற்குப் பதிலாக நிபுணர்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப் போராடலாமே, பயணச்செலவு கொடுப்பது எல்லாம் கொழும்பில் குவிந்திருப்பதை ஏற்றுக்கொள்வது ஆகாதா? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வரக்கூடிய சேவைகள் இங்கே வரவேண்டும், அதற்காகக் குரல் கொடுக்கவும் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் எல்லாம் எல்லா இடத்துக்கும் வராது, சிலது வரவும் கூடாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர வைத்தியசாலையில் 1980களின் நடுவிலிருந்து 1995 வரை நடந்த குழந்தை இதய சத்திரசிகிச்சைகளில் மற்ற இடங்களைவிட அதிகமான பிள்ளைகள் இறந்தார்கள். இயன் கென்னடி தலைமையிலான விசாரணைக் குழு 2001இல் அறிக்கை கொடுத்தது. குறைவான எண்ணிக்கையில் சத்திரசிகிச்சை செய்யும் இடங்களில் ஆபத்து கூடுகிறது, கை பழகப் போதிய அளவு செய்யும் நிலையங்களில் இவற்றைக் குவிக்கவேண்டும் என்ற கருத்து அதற்குப் பிறகு அங்கே உறுதிப்பட்டது. பணமும் வைத்தியர்களும் நிறைந்த நாட்டிலேயே இப்படியென்றால், 2 கோடியே 20 லட்சம் பேர் உள்ள இந்தத் தீவில் குழந்தை இதய சத்திரசிகிச்சை ஓரிரு இடங்களில்தான் நன்றாக நடக்கும். அப்படியானால் தூரத்துப் பிள்ளை பயணம் செய்யத்தான் வேண்டும். நியாயம் என்பது தூரத்தை இல்லாமல் செய்வதில் இல்லை, அந்தத் தூரத்தின் செலவைப் பிள்ளையின் தகப்பன் தனியே சுமக்காமல் பார்ப்பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு எது வரலாம் எது வரமுடியாது என்பது முடிவாக இன்னும் பத்து வருடம் எடுக்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக் திகதி உள்ள பிள்ளைக்கு அதைச் சொல்லிப் பயனில்லை.

"கொடுக்க நினைக்கிறவன் பேசாமல் கொடுக்கலாமே, ஏன் சைக்கிள் உழக்கவேண்டும்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, மனித மனம் அவ்வளவு நியாயமாக இயங்குவதில்லை என்பதுதான் பதில். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல காரியத்துக்காக உடலை வருத்தவேண்டி வரும்போது மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்று சோதனைகள் மூலம் காட்டினார்கள். காவடிக்கும் தூக்குக்காவடிக்கும் நேர்ந்து வளர்ந்த சமூகத்துக்கு இதை அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தவிர, டொலர் வைத்திருப்பவர்களால் மட்டுமே கொடுக்க முடியும் என்ற நிலையை ஒரு சைக்கிளோட்டம் மாற்றுகிறது. கொடிகாமம் சந்தையில் பிலாப்பழம் விற்பவரும் நூறு ரூபாவோடு அதில் பங்காளியாகலாம். சைக்கிள் எங்களுக்குப் புதிய பொருளும் இல்லை. 1990களில் எரிபொருள் தடைக்குள் இந்தக் குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது. விறகும் மூட்டையும் வருத்தக்காரரும் கரியரில்தான் போனார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்தபோது உருட்டிவந்ததும் சைக்கிளைத்தான். அப்படிப்பட்ட ஊர் சைக்கிள் எடுத்தால் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

எப்படி ஓடுவது என்பதிலும் ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த ரேஸ் சைக்கிளும் இறுக்கமான உடுப்பும் உள்ள பதினைந்து பேர் கொழும்புவரை ஓடுவதை மற்றவர்கள் வீதியோரம் நின்று கைதட்டுவதாக இது முடியக்கூடாது. கனடாவில் ரொறன்ரோ சிக்கிட்ஸ் வைத்தியசாலையின் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 2016 முதல் நடக்கும் சைக்கிள் முயற்சியில் ஓடுகிறவர் தூரத்தைத் தானே தீர்மானிக்கிறார். ஒரு மாதத்துக்குள் தன் ஊர் வீதியிலேயே ஓடி முடிக்கிறார். நாங்கள் அதை அஞ்சலோட்டமாக மாற்றலாம். சாவகச்சேரியிலிருந்து பளைவரை ஒரு அணி, பளையிலிருந்து பரந்தன்வரை இன்னொன்று, பிறகு கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா. லுமாலா சைக்கிள் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையும், சேலையோடு ஓடும் ஆசிரியையும், அறுபது வயதுக்காரரும் தங்களால் முடிந்த துண்டை ஓடலாம். பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது. வருடத்துக்கு 2000க்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் இறக்கும் நாடு இது. ஏ9இல் பஸ்கள் ஓடும் வேகத்தை நான் சொல்லத் தேவையில்லை. விடிந்தபின் தொடங்கி வெயில் ஏறமுன் நிறுத்துவது, ஹெல்மெட், முன்னும் பின்னும் வாகனம், பொலிஸுக்கு முன்கூட்டிய அறிவித்தல் ஆகியவை இல்லாவிட்டால் ஓடவே வேண்டாம்.

செலவுக்கு வருகிறேன், எங்கள் ஆட்கள் சறுக்கும் இடம் இது. 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கிய எயிட்ஸ் சைக்கிளோட்டங்களை நடத்திய தனியார் நிறுவனம் பெருந்தொகை சேர்த்தது. ஆனால் விளம்பரத்துக்கும் ஏற்பாட்டுக்கும் போன பங்கு பற்றிக் கடும் விமர்சனம் எழுந்தது, 2002இல் நிறுவனம் மூடப்பட்டது. மறுபுறம், 1980இல் 36 பேரோடு அதே நாட்டில் மசாசுசெற்ஸில் தொடங்கிய பான்-மாஸ் சைக்கிளோட்டம் இன்றும் நடக்கிறது. ஓடுகிறவர்கள் சேர்க்கும் காசு முழுவதும் பொஸ்ரனின் டேனா-பார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறது. ஏற்பாட்டுச் செலவை அனுசரணையாளரும் பதிவுக் கட்டணமும் தாங்குகின்றன. நாங்கள் பின்பற்றவேண்டியது இரண்டாவதை. ரீசேட், பதாகை, மாலை, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, மத்தியானச் சாப்பாடு ஆகியவற்றில் ஒரு ரூபாகூட உண்டியல் காசிலிருந்து போகக்கூடாது. போகாது என்பதை ஓட்டத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கவேண்டும். பொன்னாடை இல்லாமல் வர விரும்பாத பிரதம விருந்தினர் வராமலே இருக்கட்டும்.

பதாகை பற்றி இன்னொன்று. அதில் எந்தப் பிள்ளையின் படமும் வரக்கூடாது. மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக ஒரு பிள்ளையின் முகத்தைப் போட்டால் காசு கூடுதலாகச் சேரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை குணமாகி, படித்து, இதே ஊரில்தான் வாழப்போகிறது. நெஞ்சில் சத்திரசிகிச்சைத் தழும்போடு வளரும் ஒரு பெண்பிள்ளைக்கு நாளைக்குக் கலியாணம் பேசும்போது, முகநூலில் கிடக்கும் பழைய படம் என்ன வேலை செய்யும் என்று இந்த ஊரில் பிறந்த எவருக்கும் விளங்கும். பெற்றோர் சம்மதித்தார்கள் என்பது சமாதானம் ஆகாது. கடன்பட்டு நிற்கும் தகப்பன் எதற்குத்தான் சம்மதிக்கமாட்டார்?

உதவியைக் கொடுக்கும் வழியிலும் நாங்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. நோயாளிப் பிள்ளையின் குடும்பம் தங்குவதற்கென்று வைத்தியசாலைக்குப் பக்கத்தில் வீடு அமைக்கும் முறை 1974இல் பிலடெல்பியாவில் முதல் றொனால்ட் மக்டொனால்ட் இல்லத்தோடு பரவத் தொடங்கியது. மும்பையில் ஷியாமா, நிஹால் கவிரத்ன தம்பதியர் 2006இல் தொடங்கிய சென்ற் ஜூட் நிலையங்கள், தூரத்துக் கிராமங்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கின்றன. இப்போது இந்தியாவின் பல நகரங்களில் இருக்கின்றன. எங்களால் உடனே வீடு எடுக்க முடியாது. கிளினிக் கொப்பியில் விழுந்த முத்திரையைக் காட்டினால் அடுத்த பயணத்துக்கான காசு தாயின் வங்கிக் கணக்குக்குப் போகும் ஏற்பாட்டைச் செய்யமுடியும். விதானையாரின் கடிதம், வருமானச் சான்றிதழ் என்று பத்துக் கந்தோர் ஏறி இறங்க வைக்காதீர்கள்; மகரகமவுக்கு மாதம் இரண்டு தடவை போகிற குடும்பத்தின் வருமானம் என்னவென்று தனியே ஆராயத் தேவையில்லை. கள்ளக் கொப்பி கொண்டுவருவார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு: ஒரு சிலர் ஏமாற்றக்கூடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்காய்வு செய்தால் பிடிபடுவார்கள். அந்தச் சிலருக்காக மற்றவர்களைச் சந்தேகிப்பது கொடையை அவமானமாக்கிவிடும்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் மூன்று காரியத்தை முடியுங்கள். தனியொருவர் பெயரில் இல்லாமல், மூன்று அமைப்புகளின் கையொப்பத்தோடு ஒரு வங்கிக் கணக்கைத் திறவுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சிறுவர் பகுதியினரோடு பேசி, தென்மராட்சியிலிருந்து எத்தனை பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள் என்ற எண்ணிக்கையை, பெயர் இல்லாமல், கேட்டுப் பெறுங்கள். அந்த எண்ணிக்கையை ஒரு வருடப் பயணச்செலவால் பெருக்கி, சேர்க்கவேண்டிய தொகை இதுதான் என்று ஊருக்குச் சொல்லுங்கள். ரீசேட்டுக்கு நிறம் தெரிவுசெய்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.